பிரேக்கா, காலா?

என் வேனின் பிரேக் நான்கு முறை பிடிக்காமல் போயிற்று. நான்கு முறையும் வண்டி நிறைய சாட்சிகள் இருந்தார்கள். ஆனால் மெக்கானிக் ஓட்டிப் பார்க்கும்போது மட்டும் அது அப்படிப் பிடிக்கும், புது வண்டி தோற்றுப்போகும். கடைசியில் பொய்சொல்லி என்ற பெயர் எனக்குத்தான் வந்தது. வளைகுடாவில் இருபத்து நான்கு வருடம் தண்ணீர் லாரி ஓட்டியவன் நான். ஒரு சின்ன உரசல்கூட இல்லாமல் ஊர் திரும்பியவன். இதை யாராவது கேட்டால்தான் சொல்வேன் என்றில்லை, கேட்காவிட்டாலும் சொல்வேன்.

ஊருக்கு வந்ததும் இந்தப் பழைய வேனை வாங்கினேன். எட்டுப் பேர் உட்காரலாம். எங்கள் சபையின் பெண்கள் ஐக்கிய சங்கம் என்றால் பதினொரு பேர். எஞ்ஜின் முன்சீட்டுகளுக்கு அடியில் இருக்கும் வகை. அரை மணி நேரம் முன்சீட்டில் இருந்தால் பின்பக்கம் இட்டிலிபோல வெந்துவிடும். ஆனாலும் அதுதான் மரியாதையான இடம். ஆகவே சனிக்கிழமைகளில் வீட்டு ஜெபக்கூட்டத்துக்குப் போகும்போதெல்லாம் அங்கே சபை உபதேசியார்தான் இருப்பார். அறுபது வயது, நூறு கிலோவுக்கு மேல் எடை, அதற்கேற்ற குரல். வண்டி மெயின் ரோட்டில் ஏறியதும் பயணத்துக்காக ஒரு ஜெபம் செய்வார். ஜனங்களுக்கு முதுகைக் காட்டி ஜெபிக்கக் கூடாது என்பது அவருடைய கொள்கை. இருந்த இருப்பிலேயே பின்னால் திரும்பி, என் சீட்டின் முதுகை ஒரு கையால் பிடித்துக்கொண்டு கண்ணை மூடிவிடுவார். பின்னால் பதினொரு பேரும் கண்ணை மூடுவார்கள். எனக்கு மட்டும் விலக்கு உண்டு.

முதல் தடவை நடந்தது இடலாக்குடிப் பக்கம். முன்னால் ஒரு டவுன் பஸ் போய்க்கொண்டிருந்தது. ஒருமுறை மிதித்தேன், பிடித்தது. பஸ் மறுபடி நிற்கப்போவதைப் பார்த்து இரண்டாம் முறை மிதித்தேன். மிதி இறங்கவே இல்லை. தரையில் கிடக்கும் அம்மிக்கல்லை மிதித்த மாதிரி இருந்தது. இரண்டு காலையும் வைத்து ஏறி மிதித்து, கை பிரேக்கையும் இழுத்து நிறுத்தியபோது பஸ்ஸுக்கும் எங்களுக்கும் நடுவில் ஒரு சாண் இடம் இருந்தது. பெண்கள் "ஏசப்பா" என்று அலறினார்கள். உபதேசியாருக்கு ஒன்றும் தெரியாது. அலறலை ஜெபத்துக்குக் கிடைத்த ஆதரவு என்று எடுத்துக்கொண்டு இன்னும் இரண்டு விண்ணப்பங்களைச் சேர்த்து, பிறகுதான் ஆமென் சொன்னார்.

"உபதேசியார் ஜெபத்துல இருந்ததினால தப்பிச்சோம்" என்றாள் என் மனைவி. அவள்தான் சங்கத்தின் செயலாளர். முப்பது வருடம் ஆரம்பப்பள்ளி ஆசிரியையாக இருந்தவள். அவள் ஒன்றைச் சொன்னால் சங்கம் அதைத் தீர்மானமாகவே எடுத்துக்கொள்ளும். அன்றே முடிவாயிற்று, இனி உபதேசியார் இல்லாமல் வண்டி கிளம்பக் கூடாது, பயண ஜெபத்தையும் கொஞ்சம் நீட்ட வேண்டும்.

ஜெபம் நீண்டது. இரண்டாம் முறையும் பிரேக் போயிற்று. சுசீந்திரம் தாண்டி ஒரு வீட்டில் கூட்டம். முற்றத்தில் வாடகை நாற்காலிகளை அழகாக வரிசை போட்டிருந்தார்கள். உபதேசியார் கடைசி விண்ணப்பத்தில் இருக்க, நான் வாசலில் திரும்பி பிரேக்கை மிதித்தேன். மறுபடியும் அம்மிக்கல். வண்டி நிதானமாக உள்ளே போய், முதல் வரிசையை மடக்கிக்கொண்டு, இரண்டாம் வரிசையில் போய் நின்றது. நல்லவேளை, நாற்காலிகளில் ஆள் இல்லை. வீட்டுக்காரர் கைகூப்பியபடி ஓடிவந்து, "வாருங்க, வாருங்க, நேரத்தோட வந்திட்டியளே" என்றார். ஏதோ ஊழிய வைராக்கியம் என்று நினைத்திருப்பார் போல. அன்று தப்பியதற்கும் உபதேசியாருக்கே நன்றி சொன்னார்கள். மூன்றாம் முறையும் நான்காம் முறையும் இதே கதைதான். ஒருமுறை வைக்கோல் ஏற்றிய டெம்போவின் பின்பக்கம் முட்டி நின்றோம். ஒருமுறை வாழைத்தோட்டத்து வேலியில். ஒவ்வொரு தடவையும் ஜெபத்தின் நீளம் கூடிக்கொண்டே போனது. யாரும் எதையும் எதோடும் சேர்த்துப் பார்க்கவில்லை, நான் உட்பட.

என் மெக்கானிக்குக்குக் கோட்டாறில் ஒரு சந்துக்குள் ஒர்க்ஷாப். நாற்பத்தைந்து வயது இருக்கும். நான் அவரை பாய் என்பேன், அவர் என்னை அண்ணாச்சி என்பார். முதல் முறை பிரேக் ஷூ எல்லாம் மாற்றி, எண்ணெயில் இருந்த காற்றை எடுத்துவிட்டார். இரண்டாம் முறை மாஸ்டர் சிலிண்டரையே மாற்றினார். மூன்றாம் முறை ஒன்றையும் கழற்றவில்லை. என்னை முன்சீட்டில் உட்காரவைத்து ஆரல்வாய்மொழி வரைக்கும் ஓட்டிப்போய்த் திரும்பக் கூட்டிவந்தார். வழியில் கண்ட இடத்திலெல்லாம் மிதித்தார். ஒவ்வொரு மிதிக்கும் என் நெற்றி கண்ணாடியை நோக்கிப் போய்வந்தது. நான் அறுபத்திரண்டு கிலோதான், என்னால் அவ்வளவுதான் தாங்க முடியும்.

நான்காம் முறை போனபோது அவர் வண்டியைத் தொடவே இல்லை.

"அண்ணாச்சி, வருத்தப்படாண்டாம். வண்டியில ஒரு கொறையும் இல்ல, கேட்டியளா. பிரேக்கச் சவுட்டுத காலையும் ஒருதடவ பாத்துக்கிடுங்க" என்றார்.

இதை அவர் என் மனைவி இல்லாதபோது சொல்லியிருக்கலாம். அவள் பக்கத்தில் நின்றாள். எனக்குப் பத்து வருடமாகச் சர்க்கரை உண்டு. சில மாதங்களாகக் கால் மரத்துப்போகிறது, மெத்தை மேல் நடப்பதுபோல இருக்கிறது என்று ஒருநாள் வாய்தவறி அவளிடம் சொல்லியிருந்தேன். அவள் என் காலைப் பார்த்தாள், பிறகு வேனைப் பார்த்தாள். கணக்குப் போட்டுவிட்டாள் என்று தெரிந்தது.

மறுநாளே நாகர்கோவிலில் சர்க்கரை டாக்டரிடம் கூட்டிப்போனாள். டாக்டர் இளம்பெண். என்னைக் கட்டிலில் படுக்கவைத்து, ஒரு நைலான் இழையைக் காட்டி, "இதால பாதத்தைத் தொடுவேன். தொடுறது தெரியும்போது ஆமான்னு சொல்லுங்க. கண்ண மூடிக்கிடுங்க" என்றாள். நான் கண்ணை மூடினேன். இந்தச் சோதனையில் தோற்றால் சாவி போய்விடும் என்று தெரியும். ஆகவே கொஞ்சம் இடைவெளி விட்டு, ஆமா என்றேன். மறுபடி கொஞ்சம் விட்டு, ஆமா. இயல்பாக இருக்கட்டும் என்று நடுவில் ஒருமுறை "லேசாத் தெரியுது" என்றும் சொன்னேன். ஏழாவது ஆமாவுக்கு டாக்டர், "ஐயா, நான் கையுறை போட்டுக்கிட்டிருக்கேன். இன்னும் ஆரம்பிக்கல" என்றாள்.

வெளியே வந்து மனைவியிடம் கால் பரவாயில்லை என்றேன். டாக்டர் சீட்டில் எழுதியதை யாராலும் படிக்க முடியாது என்ற தைரியம். முப்பது வருடம் இரண்டாம் வகுப்புப் பிள்ளைகளின் கையெழுத்தைத் திருத்தியவளுக்கு டாக்டர் கையெழுத்து எம்மாத்திரம்? ஆட்டோவில் வரும்போதே படித்துவிட்டாள். ஆனால் அவள் நியாயம் தெரிந்தவள்.

"வண்டியிலதான் கொறைன்னு பாய் அவரு வாயால சொல்லட்டு. நீங்களே ஓட்டுங்க. இல்லேன்னா சாவிய எனக்க கையில தந்திருங்க. பதினொண்ணு உயிரு வண்டியில இருக்கு, பாத்துக்கிடுங்க" என்றாள்.

அன்றிலிருந்து என் நிலைமை தலைகீழாயிற்று. எந்த ஓட்டுநரும் பிரேக் பிடிக்க வேண்டும் என்று நினைப்பான். நான் பிரேக் பிடிக்காமல் போகாதா என்று ஏங்கித் திரிந்தேன். வண்டியில் கோளாறு இருந்தால் நான் ஓட்டுநர். இல்லையென்றால் நான் ஒரு கால் செத்த கிழவன். மற்றவர்களுக்கு இது ஒரு சின்ன விஷயம். எனக்கு ஓட்டுவதைத் தவிர வேறு எதுவும் தெரியாது. ஸ்டியரிங்கைப் பிடித்திருக்கும்போது மட்டும்தான் நான் ஒரு ஆள் என்று எனக்குத் தோன்றும்.

காலையில் தனியாகப் புத்தேரி குளக்கரைக்கு வண்டியைக் கொண்டுபோவேன். பத்தடி ஓட்டி ஒரு மிதி, பத்தடி ஓட்டி ஒரு மிதி. ஒவ்வொரு மிதிக்கும் வண்டி பசுமாதிரி நிற்கும். எனக்கு எரிச்சல் வரும், சனியனே என்று திட்டுவேன். மூன்றாம் நாள் குளக்கரை டீக்கடைக்காரர் எழுந்து வந்து, "என்ன அண்ணாச்சி, எதாவது விழுந்து போச்சா? மூணு நாளா தேடுதியளே" என்றார். ஆமாம், ஒரு சாவி என்று சொல்லிவிட்டு வந்தேன்.

கடைசியில் உபதேசியாரிடமே போனேன். என் பிரேக் பிடிக்காமல் போவதற்காக அவர் ஜெபிக்க வேண்டும், அதுவும் பாயின் கண்முன்னால் போக வேண்டும் என்றேன். அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி போட்டுக்கொண்டார்.

"மக்கா, எத்தனையோ விண்ணப்பம் கேட்டிருக்கேன். பரீட்ச, விசா, பிள்ள வரம், பசுவுக்குச் சுகம். இப்பிடி ஒண்ணு எனக்க ஊழியத்துல வந்ததில்ல" என்றார். பிறகு என் முகத்தைப் பார்த்திருப்பார். "அப்பிடி ஜெபிக்க எனக்கு மனசு வரல்ல. ஆனா கூட வாறேன்" என்றார்.

சனிக்கிழமை காலை பத்து மணிக்குக் கடைசிச் சோதனை. பாய் ஓட்டுவதென்று முடிவு, அவருடைய கால் மீது யாருக்கும் சந்தேகம் இல்லையே. முன்சீட்டில் வழக்கம்போல உபதேசியார். பின்னால் நானும் மனைவியும். கோட்டாறிலிருந்து கிளம்பி இடலாக்குடி வந்து, நெடுஞ்சாலையில் போய்த் திரும்பினோம். எஞ்ஜின் நன்றாகச் சூடாகியிருந்தது. பிரேக் ஒவ்வொரு முறையும் பிடித்தது. உபதேசியார் ஒர்க்ஷாப்காரர் முன்னால் சத்தமாக ஜெபிக்க வேண்டாம் என்று மரியாதையாக, கைகளை மடியில் வைத்து, நேராகப் பார்த்தபடி இருந்தார். கோட்டாறு நெருங்கியதும் மனைவி உள்ளங்கையை என் பக்கம் நீட்டினாள்.

சாவி பாயிடம் இருந்தது என்பதுகூட மறந்து பையைத் தடவினேன். அப்போது வாயில் வந்ததைச் சொன்னேன்.

"உபதேசியாரே, ஒரே ஒரு ஜெபம் பண்ணுங்க. நான் சாவியக் குடுக்கதுக்கு முன்ன."

கேட்டால் மறுக்கிற மனிதரா அவர்? முக்கித் திரும்பி, சீட்டின் முதுகைப் பிடித்து, கண்ணை மூடினார். "பரலோகப் பிதாவே" என்று ஆரம்பித்தார். முன்னால் ஒரு மீன்கார அம்மாளின் ஸ்கூட்டர் குறுக்கே வந்தது. பாய் மிதித்தார், பிடித்தது. மறுபடி மிதித்தார்.

"யா அல்லாஹ்!" என்று கத்தினார் பாய்.

"பிடிக்கலியா?" என்று நான் எழுந்தே நின்றுவிட்டேன். தலை கூரையில் இடித்தது. "பிடிக்கலியா பாய்? கல்லு மாதிரி இருக்கா?"

"கல்லுதான் அண்ணாச்சி, கல்லேதான்!" என்று அவர் கை பிரேக்கை இழுத்து, தெருவோரத்தில் குவித்திருந்த ஆற்றுமணலில் வண்டியை ஏற்றி நிறுத்தினார். நான் கைதட்டினேன். பிரேக் பிடிக்காத வண்டிக்குள் இருந்துகொண்டு கைதட்டிய ஆள் இந்த ஜில்லாவில் நான் ஒருவனாகத்தான் இருப்பேன். என் மனைவி என்னைப் பார்த்த பார்வையில் வேறு ஒரு டாக்டரின் தேவை தெரிந்தது.

பாய் இறங்கவில்லை. மிதியில் கால் வைத்தபடியே யோசித்தார்.

"உபதேசியாரே, அப்பிடியே இருங்க, அசையாதீங்க" என்று மிதித்தார். கல். "இப்போ நேரா இருங்க." உபதேசியார் நேராக உட்கார்ந்தார். கொஞ்ச நேரம் எஞ்ஜினை ஓடவிட்டு மிதித்தார். மிதி மெத்தென்று இறங்கியது. "இப்போ மறுபடி திரும்புங்க."

"ஜெபிக்கணுமா?"

"ஜெபிக்காண்டாம், திரும்புனா போதும்."

ஒரு மிதி பழையபடி இறங்கியது. அடுத்தது கல். ஆறு முறை திரும்பவைத்துப் பார்த்தார். தெருவில் போனவர்கள் நின்று பார்த்தார்கள். மணல் குவியலின் மேல் ஒரு வேன், அதற்குள் ஒரு பெரிய மனிதர் முன்னும் பின்னும் திரும்பிக்கொண்டே இருக்கிறார், பின்னால் ஒருவன் கண்ணில் நீர் வரச் சிரிக்கிறான்.

ஒர்க்ஷாப்புக்குப் பையப் போய், சீட்டைத் தூக்கினோம். எஞ்ஜினிலிருந்து முன்னால் பிரேக் பூஸ்டருக்குப் போகும் ரப்பர் குழாய் ஒன்று உண்டு. எஞ்ஜின் அதன் வழியாகக் காற்றை உறிஞ்சுவதால்தான் மிதி லேசாக இறங்கும். எனக்கு முன்னால் வண்டி வைத்திருந்த புண்ணியவான் அதை மாற்றும்போது, வீட்டில் செடிக்குத் தண்ணீர் விடும் குழாயைப் போல ஏதோ ஒன்றைப் போட்டு, சீட்டின் சட்டத்துக்கு அடியில் வளைத்துவிட்டிருந்தார். குளிர்ந்திருக்கும்போது அது விறைப்பாக நிற்கும். சூட்டில் இளகிவிடும். இளகிய நேரத்தில் நூறு கிலோ மனிதர் சீட்டின் அந்த மூலைக்குச் சாய்ந்து திரும்பினால் நசுங்கிவிடும். பாயும் நானும் உட்கார்ந்து பார்த்தபோது நசுங்குமா?

உபதேசியார் அந்தக் குழாயை வெகுநேரம் பார்த்தார். "அப்போ நான் இருந்ததினால நீங்க தப்பிக்கல்ல. நான் இருந்ததினாலதான் சாவப் பாத்தியளோ" என்றார். அவர் முகம் வாடியதைப் பார்க்க எனக்கு உண்மையாகவே கஷ்டமாக இருந்தது. "அப்பிடி இல்ல. நீங்க திரும்பாட்டா கடைசி வர கண்டுபிடிச்சிருக்க மாட்டோம்" என்று பாய்தான் அவரைத் தேற்றினார்.

நான் யாரையும் தேற்றுகிற மனநிலையில் இல்லை. "என்னட்டி, பிரேக்கா காலா?" என்று மனைவியைக் கேட்டேன். ஒருமுறை அல்ல. பாய் புதுக் குழாய் போட்டு, சீட்டுக்கு அடியில் ரப்பர் கட்டை வைத்து முடிக்கும் வரைக்கும் கேட்டுக்கொண்டே இருந்தேன். அவள் சிரித்தாள். தோற்றுப்போனதில் அவளுக்குச் சந்தோஷம் என்று தெரிந்தது. அதைப் பார்த்து நான் இன்னும் ஆடினேன்.

பிறகு மூன்று பேரையும் ஏற்றி நானே ஓட்டினேன். உபதேசியாரை வழிநெடுகப் பின்னால் திரும்பியே உட்காரவைத்து, நாகர்கோவிலை ஒரு சுற்று சுற்றினேன். வேண்டுமென்றே கூட்டம் உள்ள தெருவாகப் பார்த்துப் போனேன். ஓரிடத்தில்கூடப் பிடிக்காமல் போகவில்லை. வளைகுடாக் கதைகள் எல்லாவற்றையும் மறுபடி சொன்னேன், அவர்களும் கேட்டார்கள்.

ஒர்க்ஷாப்பில் வந்து நிறுத்தினேன். பாய் கடைசியாக ஒரு பார்வை பார்க்க என் பக்கக் கதவைத் திறந்து, குனிந்து டார்ச் அடித்தார்.

"எங்கயோ லீக் இருக்கு அண்ணாச்சி. மிதி நனைஞ்சிருக்கு" என்றார்.

அவர் மிதியின் ரப்பரை விரலால் தொட்டு, பெருவிரலோடு சேர்த்துத் தேய்த்தார். எண்ணெயா தண்ணீரா என்று மெக்கானிக்குகள் பார்க்கும் விதம் அது. மூக்கருகே கொண்டுபோனார். டார்ச்சை விரல் மேல் அடித்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"அண்ணாச்சி, ஒங்க காலக் காட்டுங்க."

குனிந்து பார்த்தேன். வலது காலில் செருப்பு இல்லை. அது ஒர்க்ஷாப் தரையில், ஏறிய இடத்தில், ஜாக்கிக்குப் பக்கத்தில் கிடந்தது. உள்ளங்காலில் ஒரு இரும்புச் சீவல், விரல் கனத்துக்கு, பாதி உள்ளே போயிருந்தது. அதோடுதான் ஊரை ஒரு சுற்று சுற்றியிருக்கிறேன். அத்தனை முறையும் அதன் மேல்தான் மிதித்திருக்கிறேன்.

உபதேசியார் திரும்பியபடியே இருந்தார். சந்தோஷத்தில் கவனிக்கவில்லை என்று சொல்லலாம் என்று நினைத்தேன். சொல்லியிருந்தால் மூன்று பேரும் நம்பியிருப்பார்கள், நம்ப விரும்பினார்கள்.

மனைவி இறங்கி வந்து என் பாதத்தைக் கையில் எடுத்தாள். "நொம்பலம் எடுக்கலியா, வலி தெரியலியா?" என்று கேட்டாள். அவள் குரலில் ஜெயித்த தொனியே இல்லை.

"இல்ல" என்றேன்.

பாய் ஓட்டினார். நான் பின்சீட்டில், கால் அவள் மடியில், அவள் முந்தானை அதன் மேல். ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியில் சனிக்கிழமைக் கூட்டமோ என்னவோ, பத்து இடத்திலாவது நிற்க வேண்டியிருந்தது. பத்து இடத்திலும் வண்டி நல்லபடியாக நின்றது.